மொட்டை மாடி பிளாஸ்டிக் நாற்காலியில் கறை: பிளீச்சிங் போட்டும் போகலை, என்ன செய்யலாம்?

ஆதம்பாக்கம்_மாடிவீடு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க மொட்டை மாடியில் 4 வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு வட்ட டேபிளும் இருக்கு. அப்பா தினமும் சாயங்காலம் காத்துக்கு அங்கேதான் உட்காருவார். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க வெளியிலேயே நனைஞ்சதுல அடிப்பக்கமும் கை வைக்கிற இடமும் கருப்புப் புள்ளியா பூத்துப்போச்சு. டேங்க் குழாய் சொட்டுற பக்கம் கிடந்த ரெண்டு நாற்காலியில் காவி நிறத்துல கோடு கோடா இறங்கியிருக்கு. எங்களுக்கு போர் தண்ணிதான். டேபிள் மேல ஊறுகாய்க்கு மஞ்சள் பிசிறின மாங்காயைக் காயவெச்சோம், அந்தக் கறை தனி.

சோப்புத்தூள் போட்டதும் மஞ்சள் கறை செக்கச்செவேல்னு ஆயிடுச்சு, பயந்தே போயிட்டேன். ஒரு நாற்காலியைக் கம்பி நாரால அழுத்தித் தேய்ச்சேன். அன்னைக்குப் பளிச்னு இருந்தது, ரெண்டே வாரத்துல மத்த மூணையும்விட அதுதான் அழுக்கு. பிளீச்சிங் பவுடர் ஊத்தினதுல கருப்பு கொஞ்சம் குறைஞ்சது, காவி அசையவே இல்லை. நாளைக்கு அதோட பாத்ரூம் ஆசிட்டையும் கலந்து ஊத்தலாம்னு இருக்கேன். யாராவது செஞ்சு பார்த்திருக்கீங்களா?

வேளச்சேரி_அண்ணன்:
மேடம், தயவுசெஞ்சு ஆசிட்டைக் கலக்காதீங்க. பிளீச்சிங்கோட ஆசிட் சேர்ந்தா குளோரின் வாயு வரும். கண்ணு எரியும், மூச்சு அடைக்கும். திறந்த மாடிதானேன்னு நினைக்காதீங்க, பக்கெட்டுக்கு மேல குனிஞ்சு நிக்கறவங்க நேரா அதைத்தான் இழுப்பாங்க. வினிகர், எலுமிச்சைகூட பிளீச்சிங்கோட சேரக் கூடாது.

கஸ்தூரிபா_நகர்_அக்கா:
அண்ணன் சொன்னதை முதல்ல மனசுல வெச்சுக்கோம்மா. உன் மாடியில இருக்கறது ஒரே கறை இல்லை, மூணு. அதான் ஒரே மருந்து எல்லாத்துக்கும் கேக்கலை.

சிவந்ததுக்குப் பயப்படாதே. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு சேர்த்தா சிவக்குதில்ல, அதேதான். சோப்புத்தூள்ல காரம் இருக்கு. நல்ல தண்ணி விட்டு அலசினா திரும்ப மஞ்சளாகும். அதுக்கப்புறம் தேய்க்கவே தேய்க்காதே, டேபிளை அப்படியே வெயில்ல போடு. மஞ்சள் நிறம் வெயிலுக்குத் தாங்காது, நாலு நாள்ல வெளுத்துடும்.

கருப்பு, பூஞ்சை. அதுக்குப் பிளீச்சிங் சரி, ஆனா ஊத்தற விதம் இருக்கு. முதல்ல சோப்புத் தண்ணியால மண்ணையும் பிசுக்கையும் எடுத்து நல்லா அலசு. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கரைச்சுத் தெளியவிடு. அடியில தங்கற சுண்ணாம்பை விட்டுட்டு மேல் தண்ணியை மட்டும் எடுத்துத் துணியில நனைச்சுப் பூசு. 10 நிமிஷம் ஊறட்டும். அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷால மூலை முடுக்கெல்லாம் தேய்ச்சு நாலஞ்சு மக் தண்ணி விட்டு அலசணும். கையில கிளவுஸ் போட்டுக்கோ.

காவி, இரும்புக் கறை. போர் தண்ணியில இருக்கற இரும்புதான் காத்துப் பட்டு துருவா படியுது. பிளீச்சிங் துருவை எடுக்காது, இன்னும் அழுத்தமாத்தான் பிடிக்க வைக்கும். துருவுக்குப் புளிப்பு வேணும். மளிகைக் கடையில எலுமிச்சை உப்பு, அதான் சிட்ரிக் ஆசிட், கேளு, ரெண்டு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணியில கரைச்சு, துணியை நனைச்சுக் கோடு மேல போர்த்தி அரை மணி நேரம் விடு. காயக் கூடாது, காஞ்சா திரும்ப நனை. இதைப் பிளீச்சிங் போட்ட அன்னைக்கே செய்யாதே, நல்லா அலசிக் காயவெச்சு வேற ஒரு நாள் செய்.

தி.நகர்_வாசகர்:
கம்பி நார் தேய்ச்ச நாற்காலி ஏன் சீக்கிரம் அழுக்காகுதுன்னா, மேல்பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கீறல். தூசியும் பாசியும் அதுல போய் உட்காருது. அதைத் திருப்ப முடியாது. கார் மெழுகு தடவினா கொஞ்ச நாளைக்கு மழமழன்னு இருக்கும். உட்காரும் இடத்துல மட்டும் தடவாதீங்க, வயசானவங்க வழுக்கிடுவாங்க.

ஆதம்பாக்கம்_மாடிவீடு:
அக்கா, ரொம்ப நன்றி. ஆசிட் பாட்டிலைத் திரும்ப உள்ளே வெச்சுட்டேன். பூஞ்சை போயிடுச்சு. எலுமிச்சை உப்பு ரெண்டு தடவை போட்டதுல காவிக் கோடு பெரும்பாலும் போயிடுச்சு, லேசா நிழல் மாதிரிதான் தெரியுது. டேபிள் வெயில்ல கிடக்கு, இன்னைக்கு மூணாவது நாள், இப்பவே பாதி வெளுத்தாச்சு. ஒரு சந்தேகம். ஒரு நாற்காலியில எவ்வளவு கழுவினாலும் அப்பா வேட்டியில வெள்ளைப் பொடி ஒட்டுது. சோப்பு போகலையா?

கஸ்தூரிபா_நகர்_அக்கா:
அது சோப்பு இல்லைம்மா, நாற்காலியே உதிருது. வருஷக்கணக்கா வெயில் பட்டா பிளாஸ்டிக்கோட மேல்தோல் சிதைஞ்சு, உள்ள கலந்த வெள்ளைச் சாயம் பொடியா வெளியில வரும். கழுவ கழுவ வரும். நாற்காலியைக் கவுத்து, காலும் முதுகும் சேருற இடத்துல தலைமுடி மாதிரி விரிசல் இருக்கான்னு பாரு. இருந்தா அதுல அப்பாவை உட்கார விடாதே. கால் சட்டுனு ஒடியும், அந்த வயசுல விழக் கூடாது.

ஆதம்பாக்கம்_மாடிவீடு:
பார்த்தேன் அக்கா. பின்னங்கால் ரெண்டுலயும் விரிசல். இன்னைக்கே கீழே இறக்கிட்டேன். மத்த மூணையும் படிக்கட்டுக் கூரைக்குள்ள தண்ணி தேங்காத மாதிரி சாய்ச்சு வெச்சிருக்கேன். சொட்டுற குழாய்க்கு நாளைக்குப் பிளம்பர் வரார்.