அணுக்கழிவைக் கல்லுக்குள் பூட்ட முடியுமா?

தேவி, பட்டர்வொர்த்:
படிவம் 6 மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். பிரான்சின் லா ஹேக் ஆலையில் அணுக்கழிவைப் போரோசிலிகேட் கண்ணாடியோடு உருக்கி எஃகுக் கலனில் ஊற்றுகிறார்கள் என்று சொன்னதும் ஒரு மாணவி, “கண்ணாடிக்குப் பதில் கல்லுக்குள் பூட்டக்கூடாதா டீச்சர்?” என்று கேட்டாள். கழிவில் உள்ள புளுட்டோனியம்-239இன் அரைவாழ்வே, அதாவது அது பாதியாகக் குறையும் காலமே, சுமார் 24,000 ஆண்டு. கல் தாங்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்து, ஜெலுத்தோங்:
தாங்கும் டீச்சர். நான் பார்த்துப் பழகிய சரக்கு இது. பேராக்கில் ஓர் அமாங் ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்தவன். ஈய லம்பத்து (வெள்ளீயச் சுரங்கத்து) மணலில் ஈயத்தை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் அமாங். காந்தத்தில் விட்டால் அதிலுள்ள கனிமங்களில் கறுப்பு இல்மனைட் முதலில் ஒட்டிக்கொள்ளும். மோனசைட்டை இழுக்க இன்னும் வலுவான காந்தம் வேண்டும். சிர்கான் கடைசிவரை அசையாது. மோனசைட் தேன் நிறத்தில் பொடிப்பொடியாக இருக்கும், அதற்குள்தான் கதிரியக்கமுள்ள தோரியம். நம் நடுமலைத் தொடரின் கருங்கல்லுக்கு ஏறக்குறைய 20 கோடி வயது. அந்தக் கல் மழையில் மட்கி, மணலாகி, ஆற்றில் அடித்து வந்த பிறகும் தோரியம் அந்தப் பொடியை விட்டு வெளியேறவில்லை. எந்த ஆய்வகத்தாலும் இவ்வளவு நீண்ட சோதனை நடத்த முடியாது.

சரவணன், பாயான் லெப்பாஸ்:
செய்தும் காட்டிவிட்டார்கள். 1978இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் டெட் ரிங்வுட் ‘சின்ராக்’ என்ற செயற்கைக் கல்லை முன்வைத்தார். சீசியத்துக்கு ஹாலண்டைட், ஸ்ட்ரோன்சியத்துக்குப் பெரோவ்ஸ்கைட், புளுட்டோனியத்துக்குச் சிர்கோனொலைட் என்று கழிவின் ஒவ்வொரு தனிமத்துக்கும் அந்தக் கல்லில் ஒரு கனிமப் படிகத்தில் இடம் உண்டு. ஆனால் கழிவின் கலவை முன்னே பின்னே இருந்தாலும் கண்ணாடி ஏற்றுக்கொள்ளும், கல் அப்படி இல்லை. ஆலைகள் கண்ணாடியை விடாததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

தேவி:
நன்றி. அப்புறம் ஒரு சந்தேகம் முத்து அண்ணா. ஆல்ஃபா சிதைவு படிகத்தையே உடைத்துவிடாதா?

முத்து:
உடைக்கும் டீச்சர். ஆல்ஃபா துகள் வெளியேறும்போது அணுக்கரு பின்னால் உதைபட்டு, சுற்றியுள்ள அணுக்களை இடம்பெயர்த்துவிடும். யுரேனியம் அதிகமுள்ள சிர்கான் காலப்போக்கில் வீங்கி, படிக ஒழுங்கை இழந்துவிடும். மோனசைட் அப்படியில்லை. நிறையத் தோரியத்தை வைத்துக்கொண்டே சேதத்தைத் தானே சரிசெய்து படிகமாக நிற்கிறது. அதனால் “கல்லா கண்ணாடியா” என்பதோடு நிறுத்தாமல் எந்தக் கல் என்றும் கேட்கச் சொல்லுங்கள். செலவு கூடினாலும் புளுட்டோனியத்தையாவது பிரித்துக் கல்லில்தான் அடைக்க வேண்டும் என்பேன்.

ஒன்று மட்டும், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்று அமாங் மணலை வகுப்புக்குக் கொண்டு வந்துவிடாதீர்கள். அந்தத் தூசி மூச்சில் போகக்கூடாது. படம் போதும்.