6x2x2 ரீஃப் டேங்க், ரெண்டாவது மாடி, வேளச்சேரி: வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேக்குறேன்

வேளச்சேரி_பாசி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். எட்டு வருஷமா பிளான்டட் டேங்க் (செடி வளக்குற மீன் தொட்டி) வச்சிருக்கேன், நல்ல தண்ணி மீன் எல்லாம் ஓரளவுக்கு அத்துப்படி, ஆனா மரைன் (கடல் தண்ணி) பக்கம் இதுவரைக்கும் கை வச்சதே இல்ல. போன ஜனவரில குடும்பத்தோட அந்தமான் போயிருந்தோம், ஹேவ்லாக்ல எலிஃபன்ட் பீச்ல மாஸ்க் மாட்டிக்கிட்டு தலைய தண்ணிக்குள்ள விட்டு ஒரு அரைமணி நேரம் மிதந்திருப்பேன், அன்னைலேர்ந்து வேற எதுவும் மனசுல ஓடல. என் பொண்ணு (4வது படிக்கிறா) தினம் கேக்குறா, எப்பப்பா நம்ம வீட்டுல கடல் வரும்னு.

விஷயம் இதுதான். ஹால்ல ஒரு பக்க சுவர் முழுக்க காலியா இருக்கு, 6 அடி நீளம் 2 அடி அகலம் 2 அடி உயரத்துல ரீஃப் டேங்க் (பவளமும் கடல் மீனும் வளக்குற தொட்டி) வைக்கலாம்னு ஆசை. வீடு ரெண்டாவது மாடி, 14 வருஷ பில்டிங், கீழ் வீட்டுல வயசானவங்க ரெண்டு பேர் தனியா இருக்காங்க, அதனால எடைய நெனச்சா கொஞ்சம் பயமாவே இருக்கு. ஹால்ல ஏசி இருக்கு, அப்ப சில்லர் (தண்ணிய குளிர வைக்கிற மிஷின்) தனியா வேணுமா? நீலாங்கரைல ஃப்ரெண்டு வீடு கடலுக்கு ரொம்ப பக்கம், கேன் கேனா கடல் தண்ணி கொண்டு வந்து ஊத்திட்டா உப்பு செலவு மிச்சம் ஆகாதா? அப்புறம் தெரிஞ்சவர் மூலமா ஒருத்தர் பேசினார், ராமேஸ்வரம் பக்கத்துலேர்ந்து லைவ் ராக் (கடல் உயிரெல்லாம் ஒட்டியிருக்குற பவளப்பாறைத் துண்டு) வருது, கிலோ கணக்குல தரேன்னு சொல்றார், ரேட்டும் கம்மிதான். வாங்கலாமா? பணம் மொத்தமா போடப்போறதில்ல, ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்ல, சரியா செய்யணும்.

உப்புக்காத்து எழுதினது:

தம்பி, கீழ் வீட்டுக்காரங்கள முதல்லயே நெனச்சுப் பாத்தீங்க பாருங்க, அதுக்கே சந்தோஷம். நான் 2013லேர்ந்து மயிலாப்பூர்ல ரீஃப் வச்சிருக்கேன். எடைக் கணக்க போட்டே காட்டிடுறேன். 6x2x2ன்னா 24 கன அடி, கன அடிக்கு 28.3 லிட்டர்னு வச்சா 680 லிட்டர் வரும். மேல ரெண்டு இஞ்ச் விட்டா உள்ள நிக்கிற தண்ணி 620 லிட்டர் சொச்சம், உப்புத்தண்ணி லிட்டருக்கு 1.025 கிலோ, அதுவே 635 கிலோ ஆச்சு. 15 எம்எம் கண்ணாடி ஒரு 150 கிலோ, கீழ சம்ப் (ஃபில்டர் தொட்டி) தண்ணியோட 200, பாறையும் மணலும் சேந்து 100, ஸ்டாண்டு ஒரு 90. கூட்டிப் பாருங்க, 1,150 தாண்டும். இது அத்தனையும் நிக்கிறது வெறும் 12 சதுர அடில. வீட்டுத் தளத்துக்கு நம்ம ஊரு பில்டிங் கோடுல போடுற கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ, உங்க 12 சதுர அடிங்கிறது 1.1 சதுர மீட்டர்தான். அந்த 200 ரூம் முழுக்க பரவலா வர்ற எடைக்கு போட்டது, அதனால வச்ச உடனே எதாவது ஆயிடும்னு நான் சொல்லல, ஆனா அஞ்சு மடங்கு எடைய ஒரே இடத்துல வைக்கிறோம், அது வருஷக்கணக்கா அங்கயே நிக்கப்போகுது. பீம் எந்த சுவருக்கு அடில ஓடுது, ஸ்லாப் எந்தப் பக்கம் தாங்குதுன்னு பில்டிங் டிராயிங்க வச்சு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பாத்து சொல்லணும், மேஸ்திரி சொல்றதோ டேங்க் செய்றவர் சொல்றதோ இதுல போதாது. அவர் யோசிச்சாருன்னா 4x2x2 போங்க, மொத்தம் 800 கிலோக்குள்ள முடிஞ்சிடும்.

ஏசி பத்தி. பவளத்துக்கு 25, 26 டிகிரி வேணும், 30 தாண்டி நாள் கணக்குல நின்னா அதுக்குள்ள குடியிருக்கிற பாசிய வெளிய தள்ளிட்டு வெளுத்துப் போயிடும். ஏசிய ராத்திரி பகல் நிறுத்தாம ஓட்டுவீங்களா? ஊருக்குப் போனா? மேல ஃபேன் வச்சு ஆவியாக்கி குளிர வைக்கிறது கோயமுத்தூர்ல நடக்கும், நம்ம ஊரு புழுக்கத்துல தண்ணி சீக்கிரம் ஆவியாகாது, ரெண்டு டிகிரி இறங்கினா பெருசு. சில்லர் கண்டிப்பா வேணும், உங்க அளவுக்கு அரை ஹெச்பி பாருங்க. அதை ஸ்டாண்டுக்குள்ள வச்சு கதவ மூடிடாதீங்க, அது தண்ணிலேர்ந்து எடுக்குற சூட்ட ரூம்லதான் விடும், பைப் இழுத்து பால்கனில வைங்க.

ஆனா நான் இவ்ளோ எழுத உக்காந்ததே கரண்ட்டுக்காகத்தான். 2016 டிசம்பர் 12 வர்தா புயல், எங்க தெருவுல மூணு நாள் கரண்ட் இல்ல. முதல் நாள் ராத்திரி 11 மணிக்கு டார்ச் அடிச்சுப் பாத்தா என் மஞ்சள் டாங் மீன் ரெண்டும் தண்ணி மட்டத்துக்கு வந்து வாய தொறந்து தொறந்து மூடுதுங்க, செவுள் அடிக்கிற வேகத்த எண்ண முடியல. நானும் என் வீட்டம்மாவும் மாத்தி மாத்தி பிளாஸ்டிக் மக்குல தண்ணிய மொண்டு ஒரு அடி உயரத்துலேர்ந்து ஊத்திக்கிட்டே இருந்தோம், விடியற வரைக்கும். கை மரத்துப் போச்சு. காலைல டாங் ரெண்டும் பக்கவாட்டுல படுத்துடுச்சு, கிளவுன் மீன் ஜோடி மட்டும் பிழைச்சுது. பிளான்டட் டேங்க்ல ஒரு ராத்திரி பம்ப் நின்னா பெருசா ஒண்ணும் ஆகாது, அந்தப் பழக்கத்துல இருந்துட்டேன். 25 டிகிரில நல்ல தண்ணி லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல ஆக்சிஜன் புடிச்சு வைக்கும், உப்புத்தண்ணி 6.7 கிட்டதான் புடிக்கும், சூடு ஏற ஏற அதுவும் குறையும், ராத்திரில பாறை, பவளம், பாசி எல்லாமே சேந்து மூச்சு விடும். வேளச்சேரில மிக்ஜாம் புயல் அப்ப எத்தனை நாள் இருட்டுல இருந்தீங்கன்னு உங்களுக்கே தெரியும். அதனால சில்லருக்கோ லைட்டுக்கோ இன்வெர்ட்டர் வேணாம், 20 வாட் டிசி வேவ்மேக்கர் (தண்ணிய அலைய வைக்கிற சின்ன பம்ப்) ஒண்ணே ஒண்ண 150 ஏஹெச் பேட்டரில மாட்டிடுங்க, ஒரு நாளுக்கு மேல தாராளமா ஓடும். தண்ணி மேல்மட்டம் அலைஞ்சுக்கிட்டே இருந்தா மீன் பிழைச்சிடும். மீன் வாங்குறதுக்கு முன்னாடி பேட்டரி வாங்குங்க தம்பி.

மண்டபம்_கரை எழுதினது:

அண்ணே வணக்கம், நான் மண்டபம் பொண்ணு, மரைன் பயாலஜி படிச்சிட்டு இப்ப வேலைக்கு வேற ஊர்ல இருக்கேன். அந்த லைவ் ராக் மட்டும் வேண்டவே வேண்டாம்ணே, தயவுசெஞ்சு. மன்னார் வளைகுடால தூத்துக்குடிலேர்ந்து ராமேஸ்வரம் வரைக்கும் இருக்குற 21 தீவும் 1986லேர்ந்து கடல்சார் தேசியப் பூங்கா. பாறை கட்டுற பவளம் எந்த இனமா இருந்தாலும் சரி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, அதோட கடல்குதிரை, கடல் அட்டை எல்லாத்தையும் 2001ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைல சேத்தாங்க, புலிக்கு இருக்குற அதே அட்டவணை. வித்தவருக்கு மட்டும் இல்ல, வச்சிருக்கிறவருக்கும் கேஸ்தான்.

சட்டத்த விடுங்க, அந்தப் பவளப்பாறை என்னன்னு சொல்றேன். எங்க ஊர்ல கடலுக்குப் போறவங்க அதை பார்னுதான் சொல்லுவாங்க, எந்தப் பார்ல எந்த மீன் நிக்கும்னு எங்க தாத்தா கண்ண மூடிக்கிட்டு சொல்லுவாரு. ஒரு காலத்துல அந்தப் பாறைய கடப்பாறைல பேத்து தோணில ஏத்தி சுண்ணாம்புக் காளவாசலுக்கு அனுப்புனாங்க, அப்படி வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிடுச்சு. மிச்சம் இருக்குறது 2010லயும் 2016லயும் சூட்டுல வெளுத்துச்சு. நான் 2016ல மே மாசம் முங்கிப் பாத்தேன், கொம்பு கொம்பா இருக்குற பவளம் எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா நிக்குது, ஒரு சின்ன நண்டு மட்டும் அந்த வெள்ளைக் கிளைக்கு நடுவுல உக்காந்திருந்துச்சு, போறதுக்கு வேற எடம் இல்லாம. அது இன்னிக்கும் கண்ணுலயே நிக்குது. உங்களுக்கு கிலோ கணக்குல வர்ற ஒவ்வொரு கல்லும் அந்த மாதிரி ஒண்ணோட வீடுதான்.

லைவ் ராக் இல்லாமயே ரீஃப் வரும்ணே. உயிர் எதுவும் இல்லாத டிரை ராக் அல்லது செராமிக் ராக் வாங்கி பாட்டில் பாக்டீரியா போட்டு ஆரம்பிங்க, நாள் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். பவளத்துலயும் மஷ்ரூம், லெதர், ஸுவாந்திட் மாதிரி மெத்துன்னு இருக்குற வகை அந்த அட்டவணைல இல்ல, அதையே அழகா வளத்து நெறைய பேரு வச்சிருக்காங்க, கடைக்காரர்ட்ட அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பேப்பர் கேளுங்க, யார்கிட்டயாவது டேங்க்ல வளந்ததுலேர்ந்து ஒரு துண்டு கெடச்சா இன்னும் நல்லது. மீனும் அப்படித்தான், பரங்கிப்பேட்டைல அண்ணாமலை பல்கலைக்கழகத்து மையத்துலயும் மண்டபத்துல சிஎம்எஃப்ஆர்ஐலயும் (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்) கிளவுன் மீன முட்டைலேர்ந்தே வளத்து காட்டியிருக்காங்க, அப்படி பண்ணைல பொறந்த குஞ்சா கேட்டு வாங்குங்க, முதல் நாள்லேர்ந்தே குருணைத் தீனி தின்னும், கடல்ல புடிச்ச மீன் மாதிரி பட்டினி கெடக்காது.

இன்னொண்ணு, வீட்டுல கொழந்தை இருக்குறதால சொல்றேன். ஸுவாந்திட்ல சில வகைல பாலிடாக்சின்னு கடுமையான விஷம் இருக்கும். வெட்டும்போதும் தேய்க்கும்போதும் கிளவுஸும் கண்ணாடியும் போடுங்க, கைல காயம் இருந்தா தொடவே வேண்டாம், பாறைய சுத்தம் பண்றேன்னு எக்காரணம் கொண்டும் வெந்நீர்ல கொதிக்க வைக்காதீங்க, அந்த ஆவிய சுவாசிச்சு குடும்பத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனவங்க வெளிநாட்டுல இருக்காங்க.

கோவை_சம்ப் எழுதினது:

ப்ரோ, அண்ணனும் அக்காவும் பெரிய விஷயத்த சொல்லிட்டாங்க, நான் தண்ணி பத்தி மட்டும் சொல்றேனுங்க, ஏன்னா பாதி பேரு விழுற எடம் அதுதான். நீலாங்கரை தண்ணி வேண்டாம். கரையோரத் தண்ணில கூவம், அடையாறு ரெண்டும் கொண்டு வர்றது கலந்திருக்கும், ஐப்பசி கார்த்திகை மழைல உப்பு அளவும் இறங்கிடும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தண்ணியா இருக்கும். பாக்கெட் உப்பு லிட்டருக்கு 38 கிராம் கிட்ட புடிக்கும், உங்க டேங்க்கும் சம்ப்பும் சேந்து முதல் நிரப்புக்கே 30 கிலோ ஆகும், அதுக்கப்புறம் மாசாமாசம் தண்ணி மாத்துறதுக்கு மட்டும்தான்.

உப்பு கலக்குறதுக்கு வீட்டு குடிதண்ணி ஆர்ஓ போதாதுங்க. அதுல ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒரு வால்வு வச்சு பழைய தண்ணிய கொஞ்சம் திருப்பி கலப்பாங்க, மீட்டர் வச்சுப் பாத்தா 50, 80ன்னு காட்டும், நமக்கு பூஜ்யம் வேணும். தனி ஆர்ஓ, கடைசில மிச்சம் கரைஞ்சிருக்குறதையும் புடிக்கிற டிஐ ரெசின். நான் மொத டேங்க்ல இத விட்டுட்டு பாஸ்பேட் ஏறி நாலு மாசம் முடிமுடியா பாசிய கையால புடுங்கிட்டு இருந்தேன். உப்பு கலக்கும்போது தண்ணில உப்ப போடுங்க, உப்பு மேல தண்ணிய ஊத்துனா கால்சியம் கட்டிக்கிட்டு பால் மாதிரி ஆயிடும், அப்புறம் கரையாது. ஒரு நாள் முழுக்க பம்ப் ஓடட்டும், உப்பு 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு) வந்தப்புறம் ஊத்துங்க. உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர வெறும் தண்ணில பூஜ்யம் வச்சா பத்தாது, 35க்குன்னு சொல்யூஷன் விக்குது, அதுல செட் பண்ணுங்க, என்னோடது பூஜ்யத்துல கரெக்டா இருந்துட்டு 35ல ரெண்டு பாயின்ட் பொய் சொல்லிட்டு இருந்துச்சு. தினமும் ஆவியாகிற தண்ணிக்கு பதிலா வெறும் ஆர்ஓ தண்ணிதான் விடணும், ஏன்னா உப்பு எங்கயும் போறதில்ல, தானா தண்ணி விடுற ஏடிஓ வச்சிட்டா அந்த தலைவலி இல்ல.

பிளான்டட் பழக்கம் இருக்குறதால சைக்கிள் (கழிவ சிதைக்கிற பாக்டீரியா வளர்றது) பத்தி சொல்ல வேண்டாம், அதேதான், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆகிறதுக்கு டிரை ராக்ல ஆறு வாரம்கூட ஆகும். அதுக்கப்புறம் பழுப்பு டயாட்டம் பாசி மணல் மேல கம்பளம் மாதிரி படரும், அதப் பாத்து பயந்து மருந்து எதுவும் ஊத்தாதீங்க, தானா போயிடும். மருந்துன்னதும் ஞாபகம் வருது, வெள்ளப்புள்ளி நோய்க்கு காப்பர் மருந்த மெயின் டேங்க்ல ஒரு சொட்டு விட்டாலும் பவளம், நத்தை, இறால் எல்லாம் காலி, அதனால மொதல்லயே 2 அடில ஒரு குவாரன்டைன் தொட்டி தனியா போட்டுக்கங்க.

வேளச்சேரி_பாசி எழுதினது:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி ரெண்டு தடவை படிச்சேன், பொண்ணுக்கும் அந்த நண்டு கதைய படிச்சுக் காட்டினேன். ராக் தரேன்னவர்கிட்ட வேண்டாம்னு காலைலயே சொல்லிட்டேன், ஏன்னு கேட்டார், சொன்னேன், போன வச்சிட்டார். அசோசியேஷன்ல பில்டிங் டிராயிங் இருக்காம், சனிக்கிழமை இன்ஜினியர் ஒருத்தர் வர்றார், கீழ் வீட்டு ஐயாகிட்டயும் சொல்லிட்டேன், அவரும் கூட வந்து பாக்குறேன்னு சொன்னார். ஒரே ஒரு சந்தேகம் உப்புக்காத்து அண்ணே, 4x2x2 ஆயிட்டா டாங் வைக்க முடியாதா?

உப்புக்காத்து எழுதினது:

மஞ்சள் டாங் வேண்டாம் தம்பி, அது நாள் முழுக்க நீந்துற மீன், 4 அடில சுவத்துல இருந்து சுவத்துக்கு திரும்பிக்கிட்டே இருக்கும், பாக்க கஷ்டமா இருக்கும். அந்த அளவுக்கு கிளவுன் ஜோடி, ஒரு ராயல் கிராமா, ஒரு வாட்ச்மேன் கோபி, அதோட குழி தோண்டுற பிஸ்டல் இறால் ஒண்ணு. இறால் குழி வெட்டும், கண்ணு சரியாத் தெரியாததால மீசைய மீன் மேல வச்சுக்கிட்டே இருக்கும், கோபி வாசல்ல நின்னு காவல் காக்கும். உங்க பொண்ணு டேங்க் முன்னாடி உக்காந்தா சாப்பிடக் கூப்பிட்டாலும் வராது. சனிக்கிழமை இன்ஜினியர் பீம் எங்க இருக்குன்னு சொல்றாருன்னு இங்க போடுங்க, தண்ணி சம்ப்புக்கு இறங்குற ஓவர்ஃப்ளோ பாக்ஸ் எந்த மூலைல வைக்கலாம்னு அதப் பாத்துட்டு சொல்றேன்.