டிகேபி பாயின்ட் எல்லாம் பழைய ஆட்களிடமே குவிந்து கிடக்கிறது, என்ன செய்யலாம்?

மந்திரக்கோல்:
வாவ் (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்) கிளாசிக் ஆன்லைன் கேமில் எங்கள் கில்டு, அதாவது எங்கள் குழு, வாரா வாரம் மோல்டன் கோர் என்ற ரெய்டுக்குப் போகிறோம். 40 பேர், 10 பாஸ் (பெரிய எதிரிகள்), கடைசி பாஸ் ராக்னரோஸ் வரை வீழ்த்துகிறோம். சண்டையெல்லாம் லூட்டை, அதாவது பாஸிடம் கிடைக்கும் பொருள்களை, பங்கிடுவதில்தான். ஒரு பாஸ் செத்தால் விழுவதே சில பொருள்கள், அதிலும் பல யாருக்கும் ஆகாதவை. ரெய்டுக்கு வந்தால் ஆளுக்கு வாரம் 60 டிகேபி (டிராகன் கில் பாயின்ட்), அந்தப் பாயின்டில் பொருளை ஏலம் விடுவோம். பழைய மேஜ்கள் (மந்திரவாதிகள்) சிலர் 1400 வரை சேர்த்துவிட்டார்கள். அவர்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு 10 பாயின்டுக்கு எடுக்கிறார்கள். புது ஆள் 60 சொன்னால் உடனே 61. புது ப்ரீஸ்ட்கள் (காயம் ஆற்றும் ஹீலர்கள்) ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். பாயின்டை மொத்தமாக அழிக்கவும் மனசில்லை.

நடுராத்திரி_டேங்க்:
அழிக்காதீங்க ப்ரோ, அடுத்த வாரம் பாதிப் பேர் வர மாட்டாங்க. பேசாம ஜிடிகேபி ஆக்கிடுங்க. பாயின்டுக்குப் பதிலா கேமுக்குள்ள இருக்கற கோல்டில் ஏலம், வர்ற கோல்டு எல்லாருக்கும் சமமா.

சாம்பல்நரி:
ஜிடிகேபியா? நிஜக் காசு கொடுத்து கோல்டு வாங்கினவன்தான் ஜெயிப்பான். 2024ல் கிளாசிக்கோட சீசன் ஆஃப் டிஸ்கவரி பதிப்பில் கேம் கம்பெனி பிளிஸார்டே அதைத் தடை பண்ணிட்டாங்க.

கணக்குப்புலி:
மந்திரக்கோல், பொருள் குறைவா விழுறது உங்க கையில் இல்லை. பாயின்ட் செலவாவதைவிட அதிகமா உள்ளே வருது, அதுதான் கோளாறு. வாரம் 20% டிகே (இருக்கற பாயின்டில் தேய்மானம்) வையுங்க. முதலில் கழிச்சுட்டு அப்புறம் 60 சேருங்க. அப்போ சும்மா சேர்த்து வைக்கிறவன் எத்தனை வாரம் வந்தாலும் 300க்கு மேல் ஏற முடியாது. 1400 வச்சிருக்கறவர் எதுவும் வாங்காமலே இருந்தாலும் 6 வாரத்தில் 590க்குக் கிட்ட வந்துடுவார், புது ஆள் 220 தொட்டிருப்பார். யாருடைய உழைப்பையும் ஒரே நாளில் பறிக்கலை, ஆனா பூட்டி வச்சா கரையும். 10% வச்சா உச்சம் 600, ரொம்ப மெதுவா இறங்கும். உங்க ஹீலர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டாங்க.

சாம்பல்நரி:
ஏலத்தையும் நிறுத்துங்க, கூட்டு சேர்றதே அதனாலதான். நிலையான விலை வையுங்க, யார்கிட்ட பாயின்ட் அதிகமோ அவருக்கு. ஜீரோ சம்னு ஒண்ணு இருக்கு: ஒருத்தர் கொடுத்த விலையை மீதி 39 பேருக்கும் பிரிச்சுக் கொடுக்கறது. பாயின்ட் வீங்கவே வீங்காது. ஆனா புது ரெய்டில் பாஸ் விழாம ராத்திரி முழுக்கச் சாகும்போது யாருக்கும் எதுவும் கிடைக்காது, அன்னிக்கு ஆளே வராது. எங்க கில்டில் நடந்தது.

பழையபூதம்:
இந்த டிகேபி 1999ல் எவர்குவெஸ்ட் கேமில் டிராகனுக்காக வந்த முறை தம்பி. அப்போதிருந்தே இதே சண்டைதான் :)

மந்திரக்கோல்:
20% டிகே, நிலையான விலை. ஆபீசர்களிடம் பேசிவிட்டேன், மேஜ்கள் முனகுகிறார்கள். ஒன்று மட்டும்: தண்டர்ஃபியூரி வாளைச் செய்யத் தேவையான பைண்டிங் விழுந்தால் என்ன விலை வைப்பது?

கணக்குப்புலி:
விலையே வைக்காதீங்க. கார்ங்கற பாஸிடம் பைண்டிங்கில் ஒரு பாதி, கெடான்ங்கற பாஸிடம் மறு பாதி. இரண்டும் ஒரே ஆள்கிட்ட சேரலைன்னா வாள் கிடையாது. மெயின் டேங்க் (முன்னால நின்னு அடி வாங்கறவர்) யாருன்னு முன்னாடியே எழுதி எல்லாருக்கும் காட்டிடுங்க. விழுந்த பிறகு பேச ஆரம்பிச்சா கில்டு உடையும்.

நடுராத்திரி_டேங்க்:
அந்த டேங்க் பாதியோட வேற கில்டுக்கு ஓடிட்டா?

கணக்குப்புலி:
ஒண்ணும் பண்ண முடியாது, அது அவர் கேரக்டரோட ஒட்டிக்கும். அதனால பட்டியலில் போடும்போது வருகைப் பதிவைப் பாருங்க, யார் எவ்வளவு அடிக்கறாங்கன்னு காட்டற டிபிஎஸ் மீட்டரை இல்லை.