எல்.கே.ஜி. வகுப்பில் எதிரொலி: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். காரைக்குடி பக்கம் மழலையர் பள்ளி ஆசிரியை நான். இந்த வருஷம் எல்.கே.ஜி.யில் சேர்ந்த பையன் இரண்டு காதிலும் காது கேட்க உதவும் கருவி போட்டிருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசினால் நன்றாகப் புரிந்துகொள்கிறான். ஆனால் வகுப்பு நடப்பது பழைய செட்டிநாட்டு வீட்டில். ஆத்தங்குடிக் கல் தரை, உயரமான கூரை, வழவழப்பான சுவர். பிள்ளைகள் பாட ஆரம்பித்தால் ஒரே எதிரொலி. கருவி இரைச்சலையும் சேர்த்துத்தானே பெரிதாக்கும்? பாட்டு நேரத்தில் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுகிறான், பாவம். ஜமுக்காளம் விரித்து, நாற்காலிக் காலுக்குத் துணி சுற்றினோம், கொஞ்சம் பரவாயில்லை.

ஆசிரியர் மாட்டிக்கொள்ளும் மைக்கிலிருந்து குரல் நேராகக் கருவிக்குப் போகும் ஏற்பாட்டை யாராவது பயன்படுத்துகிறீர்களா? எல்லாக் கருவிக்கும் பொருந்துமா? மதுரையிலோ திருச்சியிலோ எங்கே விசாரிக்கலாம்? அப்புறம், சைகையோடு பாடுகிற தமிழ்ப் பாட்டுகள் இருந்தால் அனுப்புங்கள், வகுப்பே சேர்ந்து பாடலாம்.