எஸ்.என்.சி.யூ.வில் (நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவில்) தாய்க்குக் கற்றுக்கொடுக்க நர்ஸுகளைப் பழக்குவது எப்படி?

வார்டு இன்சார்ஜ்:
குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கு (வார்டிலேயே குழந்தையைக் கவனிப்பதில் குடும்பத்தாரையும் சேர்ப்பது) மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இல் வழிகாட்டி கொடுத்தது. கைகழுவி உள்ளே வருவது, பால் புகட்டுவது, கங்காரு பராமரிப்பு (குழந்தையை மார்பில் தோலோடு தோலாக அணைத்து வைப்பது), வீட்டில் கவனிப்பது என நாலு வகுப்பு. நடப்பில் வீடியோவைப் போட்டு, ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. அம்மாக்களுக்குக் குழந்தையைத் தொடவே பயம். நர்ஸுகளுக்கான பயிற்சியில் எதை மாற்றலாம்? நைட்டில் ஆள் குறைவு, அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க.

நர்சிங் டியூட்டர்:
"புரிஞ்சுதாம்மா?" என்று கேட்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்க. யாரைக் கேட்டாலும் "புரிஞ்சுது சிஸ்டர்"தான் வரும். "வீட்டுல மாமியாருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேட்கணும். வகுப்பில் ஒருவர் தாயாகவும் ஒருவர் நர்ஸாகவும் நடிக்கட்டும். பொம்மை, பாலாடை (பால் புகட்டும் மூக்கு வச்ச சின்னக் கிண்ணம்), 5 மி.லி. தண்ணீர் போதும். பார்ப்பவர்கள் நர்ஸின் கையைக் கவனிக்கணும். தாய் தடுமாறியதும் பாலாடையை வாங்கித் தானே புகட்டிவிடுவதுதான் வழக்கமான தப்பு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்லிப் பழகட்டும்: "தலையைக் கொஞ்சம் தூக்குங்க, பாலாடை மூக்கை உதட்டோரத்துல வைங்க, விழுங்கினப்புறம் அடுத்தது." படுத்த வாக்கில் ஊற்றினால் புரையேறும்.

குழாய் வழியா வயிற்றுக்குப் பால் கொடுக்கும்போது யார் எதைச் செய்யலாம் என்ற எல்லை தெளிவாக இருக்கணும். குழாய் போடுவதும் இடம் சரிபார்ப்பதும் நர்ஸ் வேலை. தாய் சிரிஞ்சைப் பிடிக்கலாம். பிஸ்டன் இல்லாமல் பால் தானே இறங்கணும்.

நைட் டியூட்டி ஸ்டாஃப்:
தனியா வகுப்பெடுக்க நேரமே தேடாதீங்க. 2–3 மணிக்கொரு தடவை பால் கொடுத்துத்தானே ஆகணும், அதுதான் வகுப்பு. தொட்டில் அட்டையில் "பார்த்தார் / உதவியோடு செய்தார் / தானே செய்தார்" என்று எழுதி, ஹேண்ட்ஓவரில் சொல்லிடுங்க. இல்லாட்டி ஒவ்வொரு ஷிஃப்டும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்.

சிசேரியன் ஆன தாய் உடனே வரமுடியாது. அப்பாவையோ பாட்டியையோ வச்சு கங்காருவைத் தொடங்கலாம். ஒரு தடவைக்கு 1 மணி நேரமாவது விடாம வைக்கணும்; உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம். கழுத்து மடங்காம, தலை ஒருபக்கம் திரும்பியிருக்கா என்று நர்ஸ் பார்க்கணும். மடங்கினா மூச்சு தடைபடும்.

வார்டு இன்சார்ஜ்:
நன்றி. ஆடிட்டில் கையெழுத்தைக் கேட்பாங்களே?

நர்சிங் டியூட்டர்:
இருக்கட்டும், செஞ்சு காட்டினப்புறம் வாங்குங்க. டிஸ்சார்ஜ் அன்று மூச்சையும் எண்ணச் சொல்லிப் பாருங்க. முழு 1 நிமிடம் எண்ணணும், 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே வரணும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே சரிவராது. பச்சிளங்குழந்தை வேகமா மூச்சுவிட்டு நடுவுல சில விநாடி நிறுத்தும்.