தெபாச்சேயின் மேல் வெள்ளைப் படலம்: குடிக்கலாமா?

கேள்வி:
அன்னாசித் தோலை நொதிக்கவைத்துச் செய்யும் மெக்சிகோவின் தெபாச்சே பானத்தை முதன்முறையாகச் செய்கிறேன். ஓர் அன்னாசியின் தோலையும் நடுத்தண்டையும் 2 லிட்டர் நீரில் இட்டு, 200 கிராம் வெல்லமும் சிறிது இலவங்கப்பட்டையும் சேர்த்து, துணியால் மூடி வைத்தேன். மூன்றாம் நாளான இன்று மேற்பரப்பில் மெல்லிய வெள்ளைப் படலம் தெரிகிறது, வாசனையில் குறையில்லை. குடிக்கலாமா, கொட்டிவிட வேண்டுமா?

பதில் 1:
தட்டையாகவும் சற்றே சுருக்கங்களுடனும் இருந்தால், அது பெரும்பாலும் காற்றுப்படும் இடத்தில் வளரும் ஒருவகை ஈஸ்ட். தீங்கற்றது என்றாலும் சுவையைக் கெடுக்கும் என்பதால் வழித்தெடுத்துவிடுங்கள். பஞ்சுபோல் புசுபுசுவென்றோ, பச்சை, கறுப்பு நிறங்களிலோ தெரிந்தால் அது பூஞ்சணம். அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் இறங்கியிருக்கும் என்பதால் முழுவதையும் கொட்டிவிடுவதே சரி. தோல் மிதந்து காற்றுப்படுவதுதான் இதற்கு முக்கியக் காரணம். அடுத்த முறை ஒரு சிறு தட்டை வைத்து அமிழ்த்துங்கள். தோலை அலசினால் போதும். நொதிக்கவைக்கும் ஈஸ்ட் அதில்தான் இருக்கிறது, அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

பதில் 2:
நுரை அடங்கியிருந்தால் இன்றே வடிகட்டிவிடலாம். மேலும் சில நாள்கள் விட்டால் அசிட்டிக் அமிலப் பாக்டீரியா அதை வினிகராக்கிவிடும். எனக்கு அதுவும் நட்டமாகத் தோன்றியதில்லை. இதில் சிறிதளவு ஆல்கஹால் உண்டாகும் என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தர வேண்டாம்.

பதில் 3:
வடிகட்டிய பின் இறுக மூடிய கண்ணாடிப் பாட்டிலில் வெளியே வைக்காதீர்கள். மிஞ்சிய சர்க்கரை தொடர்ந்து நொதித்து, கரியமில வாயுவின் அழுத்தத்தால் என் பாட்டில் ஒன்று நள்ளிரவில் வெடித்தது. இப்போது பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, அது விறைத்ததும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறேன்.