(10,0) நானோகுழாயில் அமினோ, நைட்ரோ எதை ஒட்டினாலும் ஒரே பேண்ட் படம் வருகிறது

கேள்வி:
அரைக்கடத்தியான (10,0) கார்பன் நானோகுழாயின் (எண்கள் சுவர் சுருண்ட விதத்தைக் குறிக்கும்) சுவரில் ஒரு பீனைல் வளையத்தை ஒட்டி டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றல் மட்டங்களைக் காணும் முறை) கணக்கு ஓட்டுகிறேன். பிபிஇ (அதில் வழக்கமான ஒரு தோராயம்), ஒரே யூனிட் செல் (40 கார்பன்), ஸ்பின் இல்லாமல், அச்சு வழியே 16 கே-புள்ளி (பேண்டுகளைக் கணக்கிடும் மாதிரிப் புள்ளிகள்), பெட்டி அகலம் 18 ஆங்ஸ்ட்ராம். வெறும் குழாய்க்குப் பேண்ட் இடைவெளி (எலக்ட்ரான் மட்டங்கள் இல்லாத ஆற்றல் பகுதி) சரியாக வருகிறது. பீனைல் ஏறியதும் ஒரு பேண்ட் பெர்மி மட்டத்தை (எலக்ட்ரான்கள் நிரம்பும் எல்லை ஆற்றல்) வெட்டுகிறது, குழாய் உலோகமானது போல. பாரா இடத்தில் அமினோ வைத்தாலும் நைட்ரோ வைத்தாலும் இதேதான். ஒன்று எலக்ட்ரானைக் கொடுப்பது, மற்றது இழுப்பது; வித்தியாசம் தெரிய வேண்டாமா?

பதில் 1:
முதலில் எலக்ட்ரானை எண்ணுங்கள். குழாயில் 160 வேலன்ஸ் எலக்ட்ரான். பீனைலில் 29, அமினோபீனைலில் 35, நைட்ரோபீனைலில் 45. மூன்றுமே ஒற்றைப்படை. வளையம் ஒட்டிய கார்பன் எஸ்பி3 (நான்கு ஒற்றைப் பிணைப்பு கொண்டது) ஆகி, சுவரின் பை அமைப்பிலிருந்து (சுவர் முழுதும் பரவிய எலக்ட்ரான்கள்) விலகுகிறது. அதனோடு ஜோடியாக இருந்த எலக்ட்ரான் தனித்து நிற்கிறது. நீங்கள் பார்ப்பது அந்தப் பாதி நிரம்பிய பேண்டைத்தான், உலோகத்தன்மையை அல்ல. ஸ்பின்னைப் போட்டால் அது இரண்டாகப் பிரியும்.

அந்தத் தனி எலக்ட்ரானுக்கு ஜோடி கிடைக்க ஒரு ஹைட்ரஜனையும் சுவரில் சேருங்கள். இடம் முக்கியம்: அடுத்த கார்பன் (1,2) அல்லது அறுகோணத்தின் எதிர்க் கார்பன் (1,4). ஒன்றுவிட்ட கார்பனில் (1,3) வைத்தால் இரண்டும் ஒரே துணை அணிக்கோவையில் (ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த கார்பன்களின் தொகுதி) விழும், இரு எலக்ட்ரான்களும் ஒரே திசை ஸ்பின்னோடு நின்றுவிடும். அச்சுக்கு இணையான பிணைப்பும் சாய்ந்த பிணைப்பும் சமமல்ல. இரண்டு திசையிலும் ஆற்றலைக் கணக்கிட்டுக் குறைந்ததை எடுங்கள்.

பதில் 2:
செல்லும் போதாது. நீளம் 4.26 ஆங்ஸ்ட்ராம்தான், அடுத்தடுத்த பீனைல்கள் ஒன்றையொன்று இடிக்கும். குறைந்தது 4 செல் (160 கார்பன்) எடுங்கள். கே-புள்ளி 4 போதும். குழாய் விட்டம் 7.8, நைட்ரோபீனைல் ஏறத்தாழ 6.5 ஆங்ஸ்ட்ராம் துருத்தி நிற்கும். 18-இல் மிஞ்சுவது 4 கூட இல்லை. வெற்றிடத்தைக் குழாய்ச் சுவரிலிருந்து அளக்காமல் குழுவின் நுனியிலிருந்து அளந்து, பெட்டி அகலத்தைக் குறைந்தது 26 ஆங்ஸ்ட்ராம் வையுங்கள்.

கேட்டவர்:
4 செல், 1,4-இல் ஹைட்ரஜன், ஸ்பின்னோடு ஓட்டினேன். வெட்டிய பேண்ட் போய்விட்டது, இடைவெளி திரும்பியது. ஆனால் குழாயின் பேண்டுகளில் அமினோவுக்கும் நைட்ரோவுக்கும் இன்னும் பெரிய மாற்றமில்லை. அமினோவுக்கு வேலன்ஸ் பக்கமும் நைட்ரோவுக்குக் கடத்துப் பக்கமும் தட்டையான பேண்ட் ஒன்று மட்டும் கூடுதலாக நிற்கிறது.

பதில் 1:
சரியாகத்தான் வந்திருக்கிறது. எஸ்பி3 கார்பன் நடுவில் இருப்பதால் வளையத்தின் பை குழாயின் பையோடு சேர முடியாது. தூண்டல் விளைவு (ஒற்றைப் பிணைப்புகள் வழியே எலக்ட்ரான் லேசாக இழுபடுவது) மட்டுமே கடக்கிறது. தட்டையான பேண்ட் குழுவிலேயே அடங்கியது, பிடிஓஎஸ் (ஒவ்வொரு மட்டமும் எந்த அணுக்களுடையது என்று காட்டும் படம்) போட்டால் தெரிந்துவிடும். அதன் உயரத்தை பிபிஇ-யை நம்பி எழுதாதீர்கள், ஹெச்எஸ்இ06-இல் (இடைவெளியை இன்னும் துல்லியமாகத் தரும் தோராயம்) ஒருமுறை பாருங்கள். இரு கணக்குகளையும் பெர்மி மட்டத்தை வைத்து ஒப்பிடவும் கூடாது, வெற்றிட மின்னழுத்தத்தோடு சீரமைத்த பிறகே ஒப்பிடுங்கள்.

குழுவின் தன்மை குழாயில் நேரடியாகத் தெரிய வேண்டுமென்றால் சுவரைத் துளைக்காத வழிதான் வேண்டும்: பைரீன் (தட்டையான நான்கு வளைய மூலக்கூறு) போன்றதை மேலே படியவிடுங்கள், அல்லது கார்பீன் (இரண்டு பிணைப்பு மட்டுமே உள்ள கார்பன் கொண்ட மூலக்கூறு) சேர்த்துப் பாருங்கள். கார்பீன் சாய்ந்த பிணைப்பில் ஏறி அந்தப் பிணைப்பு திறந்துகொண்டால் சுவர்க் கார்பன்கள் எஸ்பி2-ஆகவே (பை அமைப்பில் சேர்ந்தபடியே) இருக்கும்.